எடைக்கல்லிலிருந்து தொடங்குங்கள்: பறக்கும் அறிவினம் ஒன்றைப் படைக்கும் முறை

அறிவுள்ள பறக்கும் இனம் ஒன்றைக் கதைக்காகப் படைக்க முற்படுபவர்கள் பெரும்பாலும் இறகின் நிறத்திலிருந்தோ, அவ்வினம் வணங்கும் தெய்வத்திலிருந்தோ தொடங்குகிறார்கள். மனித முதுகில் இரண்டு சிறகுகளை ஒட்டியதும் உடலியல் முடிந்துவிட்டதாக எண்ணி, நேரே அரியணைச் சண்டைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்பாக, வெற்றுத் தாளின் தலைப்பில் அந்த உயிரின் எடையைக் கிலோவில் எழுதிவிடுங்கள். உணவு, வீடு, மொழி, சட்டம் அனைத்தும் அந்த எண்ணுக்குக் கீழேதான் வரவேண்டும்.

காரணம் எளிய கணக்கு. உடலின் எல்லா அளவுகளையும் இரு மடங்காக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகிறது. எடையோ எட்டு மடங்காகிவிடுகிறது. இன்று பறக்கும் பறவைகளுள் மிகக் கனமானவற்றில் ஒன்றான கோரி பஸ்டர்டு, அதாவது நம் கானமயிலின் ஆப்பிரிக்க உறவு, 18 கிலோவை ஒட்டி நின்றுவிடுவதும், பெரும்பாலும் நடந்தே காலம் கழிப்பதும் இதனால்தான். பழங்காலத்தில் எல்லை இன்னும் விரிந்திருந்தது. அர்ஜென்டினாவில் வாழ்ந்த அர்ஜென்டாவிஸ் என்னும் பறவை சுமார் 70 கிலோ இருந்ததாகக் கணித்திருக்கிறார்கள். 1971-இல் டெக்சாஸில் எலும்புகள் கிடைத்த கெட்சால்கோட்லஸ் என்னும் டெரோசாருக்கு (டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன இனம்) 200 கிலோவுக்கு மேல் எடையும் 10 மீட்டர் அளவுக்குச் சிறகு விரிவும் இருந்திருக்கும் என்பது பலரின் மதிப்பீடு. ஆகவே மனித எடையில் ஓர் உயிர் பறப்பது இயலாதது அன்று. அதன் உடல் மனித உடலாக இருப்பதுதான் இயலாதது. மனித உருவம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், உயிரை விட்டுவிட்டு உலகை மாற்றுங்கள். சனியின் துணைக்கோளான டைட்டனில் ஈர்ப்பு புவியின் ஏழில் ஒரு பங்குதான். காற்றோ நான்கு மடங்கு அடர்த்தியானது.

எடுத்துக்காட்டுக்காக நான் ஓர் இனத்தை வைத்துக்கொள்கிறேன். பெயர் கொண்டலர், எடை 14 கிலோ, சிறகு விரிவு 3 மீட்டர். இது ஏறத்தாழ ஆண்டியன் காண்டாரின் அளவு. அந்தக் கழுகின் சிறகடிப்பைப் பதிவுசெய்து 2020-இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்கு மேல், 172 கிலோமீட்டர் தொலைவை, ஒருமுறைகூடச் சிறகடிக்காமல் கடந்தது தெரியவந்தது. இத்தகைய கனமான உயிர் தன் வலிமையைத் தரையிலிருந்து எழும்புவதற்குத்தான் செலவிடுகிறது. எழுந்தபின் காற்று தூக்கிக்கொள்கிறது. இதன் விளைவைக் காண மொட்டை மாடிக்குப் போனால் போதும். காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் மேல் தோளைக் குறுக்கி உட்கார்ந்திருக்கும் பருந்து, வெயில் ஏறித் தரை சூடாகி வெப்பக்காற்று மேலெழத் தொடங்கியதும், வட்டமிட்டபடி உயரே போய்விடும். கொண்டலரின் நாளும் அப்படித்தான் அமையும்: விடியற்காலை பேச்சுக்கும் வழக்குக்கும் உரியது, நடுப்பகல் பயணத்துக்கு உரியது, மழைநாள் அனைவரையும் ஒரே பாறையில் கட்டிப்போடுவது.

அடுத்து கைகள். முன்னங்கால் சிறகானபின் கருவியை எதனால் பிடிப்பது? கை, கால், சிறகு என ஆறு உறுப்புகளைக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் நம் நிலவாழ் முதுகெலும்பிகள் அனைத்தும் நான்கு உறுப்பு மூதாதையின் வழிவந்தவை என்பதால், உங்கள் உலகின் ஆடும் தவளையும்கூட ஆறு உறுப்புகளோடு திரியவேண்டியிருக்கும். எனக்கு இருப்பதைக்கொண்டு சமாளிப்பதே பிடிக்கும். வௌவாலின் சிறகில் கட்டைவிரல் மட்டும் தனித்து நிற்கிறது. டெரோசாருக்கு நான்காம் விரல் சிறகைத் தாங்க, மூன்று விரல்கள் மிச்சமிருந்தன. கிளி காலால் பிடித்து அலகால் உரிக்கிறது. நியூ கலிடோனியக் காக்கை சுள்ளியை அலகாலேயே கொக்கியாகச் செதுக்குகிறது. கொண்டலருக்குக் கிளியின் வழியைத் தந்தேன். ஒரு காலில் பொருளைப் பிடித்தால் மறு காலில்தான் நிற்கவேண்டும். ஆகவே நுட்பமான வேலை எதற்கும் பக்கத்தில் ஒருவர் தோள் கொடுக்கவேண்டும். தனியாக வேலை செய்யும் கைவினைஞர் என்ற கருத்தே அவர்களுக்கு விநோதமாகத் தோன்றும்.

மூளையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பல பறவைகளின் மூளையில் நரம்பணுக்கள் பாலூட்டிகளைவிட நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறிய தலையிலும் போதிய அறிவை வைக்கலாம். அதற்கு இடைவிடாமல் சர்க்கரை ஊட்டவேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

பண்பாட்டுக்கு வளமான விதை இறகு உதிர்வதில் கிடக்கிறது. பெரிய கழுகுகள் இறகுகளைச் சிறுகச் சிறுக மாற்றிக்கொள்கின்றன. காட்டு வாத்துகள் பலவும் பறப்பிறகுகள் அனைத்தையும் ஒருசேர உதிர்த்துவிட்டுச் சில வாரங்கள் பறக்க முடியாமல் நீர்நிலைகளில் ஒடுங்கிக் கிடக்கின்றன. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுதோறும் ஒரு மாதம் ஊரே தரையில் நடக்கிறது என்றால், அம்மாதத்துக்கு உணவைச் சேமிக்கவேண்டும். காவலுக்கு நிற்க, உதிராத இளையோரை நம்பவேண்டும். பகை இனத்தோடு போர்நிறுத்தம் பேசவேண்டும். களஞ்சியம், கணக்கு, ஒப்பந்தம் மூன்றும் இந்த ஒரே வலுவின்மையிலிருந்து பிறந்துவிடுகின்றன. சிறகொடிந்த முதியவர் அம்மாதத்தில் மட்டும் மற்றவர்களுக்குச் சமமாகிறார். திருமணப் பேச்சுகளுக்கு அவர் தலைமை தாங்குவதாக வைத்தால், அவர் இரக்கத்துக்குரிய பாத்திரமாக எஞ்சமாட்டார்.

மொழியை அமைக்கும்போது சொற்பட்டியல் போடாதீர்கள். எதற்கு அதிகச் சொற்கள் வேண்டும் என்று கேளுங்கள். நாம் தரையில் நின்றே தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். காற்றிலேயே வாழ்பவர்கள், மேலெழும் காற்று, பாறையில் மோதித் திரும்பும் காற்று, மேகத்துக்கடியில் உறிஞ்சும் காற்று என ஒவ்வொன்றுக்கும் வினைச்சொல்லே வைத்திருப்பார்கள். வழக்கங்களும் அங்கிருந்தே வரும்: எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரை ஓட்டுபவர்களிடம், ஒரே வெப்பக்காற்றில் நுழைபவர், முதலில் வந்தவர் சுற்றும் திசையிலேயே சுற்றவேண்டும் என்ற விதி உண்டு. கொண்டலரிடம் எதிர்த்திசையில் சுற்றுவது பச்சையான வசை.

எல்லாம் எழுதியபின், ஒரு விருந்தினர் வீட்டுக்கு வரும் காட்சியை எழுதிச் சோதியுங்கள். மின்கம்பியில் காக்கை உட்காருவதைக் கவனித்திருந்தால் தெரியும்: அது பெரும்பாலும் கம்பியைவிடத் தாழ்வாக வந்து, கடைசி நொடியில் மேல்நோக்கி எழும்பி, அந்த ஏற்றத்தில் வேகத்தை இழந்து, கால்களை நீட்டிக் கம்பியைப் பற்றும். எனவே கொண்டலர் வீட்டின் வாசல் ஒரு நீட்டிய கட்டை. விருந்தினர் கீழிருந்து எழும்புவார். வீட்டுக்காரர் பின்வாங்கி இடம் விட்டு, நலம் கேட்பதற்கு முன்பே, அவர் காலில் தொங்கும் சுமையை அலகால் வாங்கி இறக்கிவைப்பார்.