ரூட் கெனாலுக்குப் பிறகு வலிக்கிறதா? வரிசையாக இதைச் செய்யுங்கள்

நரம்பையே எடுத்துவிட்டார்களே, அப்புறம் ஏன் வலிக்கிறது என்று நானும்தான் கேட்டேன். எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பு. பல்லைத் தாடை எலும்போடு பிடித்துவைத்திருக்கும் சவ்வுக்குத் தனி நரம்புகள் உண்டு, வேர் நுனியைச் சுற்றி அந்த இடம்தான் இப்போது புண்ணாகியிருக்கிறது. சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரைகூட, கடித்தால் வலிக்கும். நாளுக்கு நாள் குறைந்தால் சரி.

1. ஊசி போட்ட மரப்பு போவதற்குள் மாத்திரை. வலி ஏறிய பிறகு அடக்குவது கஷ்டம். என் தேர்வு ஐபுப்ரோஃபென், ஏனென்றால் இது வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும். பெரியவர்களுக்கு 400 மி.கி., வெறும் வயிற்றில் வேண்டாம்; மரத்த வாயால் மென்றால் கன்னத்தையே கடித்துக்கொள்வீர்கள் என்பதால், சிகிச்சைக்குப் போகும்போதே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். டாக்டர் வேறு அளவு சொல்லாதவரை ஒரு நாளைக்கு 1200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து, இதில் எது இருந்தாலும் ஐபுப்ரோஃபெனைத் தொடாமல் பாராசிட்டமால் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும், அளவு இரட்டிப்பாகிவிடாமல் அட்டையைப் படித்துப் பாருங்கள்.

2. ஒத்தடம். முதல் நாள் குளிர்ந்த ஒத்தடம், துணியில் சுற்றி, கன்னத்துக்கு வெளியே 15 நிமிடம். ஐஸ் கட்டியைவிட ஜெல் பை நல்லது, கன்னத்தோடு படிந்து உட்காரும், சொட்டாது. படுக்கும்போது தலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் விண் விண்ணென்று தெறிப்பது குறையும்.

3. கடித்துப் பாருங்கள். இதைத்தான் யாரும் சொல்வதில்லை. மரப்பு முழுதாகப் போனதும் வாயை மெதுவாக மூடுங்கள். மற்ற பற்கள் சேர்வதற்கு முன்னால் அந்த ஒரு பல் மட்டும் முதலில் இடிக்கிறதா? அப்படியென்றால் பல்லின் ஓட்டையை மூடிய அடைப்பு (ஃபில்லிங்) ஒரு துளி உயரமாக இருக்கிறது. டாக்டர் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்திருப்பார், ஆனால் மரத்த வாயோடு நாம் கடித்தது சரியான கடியாகவே இருந்திருக்காது. ஒவ்வொரு முறை வாயை மூடும்போதும், எச்சில் விழுங்கும்போதும்கூட, புண்ணான சவ்வு நசுங்கிக்கொண்டே இருந்தால் எந்த மாத்திரை போட்டும் பிரயோஜனமில்லை. தானாகத் தேயும் என்று காத்திருக்காமல் போன் செய்து "கடிக்கும்போது இந்தப் பல் முதலில் படுகிறது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கொஞ்சம் தேய்த்துவிடுவார், பெரும்பாலும் ஊசிகூடத் தேவைப்படாது.

அதுவரையில் மறுபக்கமாக மெல்லுங்கள். கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடும்வரை கடினமானது எதையும் அந்தப் பல்லால் கடிக்கவே வேண்டாம், பல் பிளந்துவிட்டால் காப்பாற்றுவது கடினம்.

பிறகு சேர்த்தது: ஆன்டிபயாட்டிக் போடலாமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். அது வலி மாத்திரை இல்லை. தொற்று பரவும் அறிகுறி இருந்தால் டாக்டர் எழுதித் தருவார், வீட்டில் மிச்சமிருப்பதை எடுத்துப் போடாதீர்கள். ஆஸ்பிரினை ஈறில் அடக்கிக்கொள்வதும் வேண்டவே வேண்டாம், ஈறு வெந்துவிடும்.

வலி மூன்று நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனாலோ, முகம் வீங்கினாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். வீக்கம் கண் பக்கமோ கழுத்துப் பக்கமோ பரவினால், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், பல் டாக்டருக்காகக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.