ஒற்றைப் பண்புக் கலப்பு: கணக்கைப் பிழையின்றிப் போடும் முறை

ஒரு பண்பு எவ்வாறு கடத்தப்படுகிறது என்பது பற்றிய கணக்குகளில் இரண்டு வகைக் கேள்விகளே உண்டு. பெற்றோரைக் கொடுத்துவிட்டுச் சந்ததி எப்படி அமையும் என்று கேட்பது ஒரு வகை. சந்ததியைக் காட்டிவிட்டுப் பெற்றோரின் ஜீனாக்கம் (உள்ளே இருக்கும் ஜீன் இணை) என்ன என்று கேட்பது மற்றொரு வகை. 3:1 என்ற விகிதத்தை மனப்பாடம் செய்தவர்கள் முதல் வகையை எளிதில் கடந்துவிடுகிறார்கள். இரண்டாம் வகையில் தடுமாறுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் புறத்தோற்றத்தையும் உள்ளே இருக்கும் அல்லீல்களையும் (ஒரு ஜீனின் மாற்று வடிவங்களையும்) தனித்தனியே எழுதிப் பழகாததே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டாகப் பட்டாணி விதையின் வடிவத்தையே எடுத்துக்கொள்வோம். கிரிகோர் மெண்டல் 1856 முதல் 1863 வரை ப்ரனோ நகரின் மடாலயத் தோட்டத்தில் ஆராய்ந்த ஏழு பண்புகளில் இதுவும் ஒன்று. உருண்டை விதைக்கான அல்லீலை ‘உ’ என்றும் சுருங்கிய விதைக்கான அல்லீலை ‘சு’ என்றும் குறிப்போம். எந்தப் பண்பு ஓங்கு பண்பு (ஒரு அல்லீல் இருந்தாலே வெளிப்படுவது), எது ஒடுங்கு பண்பு (இரண்டு அல்லீல்களும் அதற்குரியவையாக இருந்தால் மட்டுமே வெளிப்படுவது) என்பதைக் கணக்கின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். இங்கே உருண்டை வடிவமே ஓங்கு பண்பு. உருண்டை விதையில் மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் ஒரு நொதி முறையாக உருவாகிறது. சுருங்கிய விதையிலோ அந்த நொதிக்கான ஜீன் பழுதடைந்திருப்பதால் சர்க்கரை மிகுதியாகத் தேங்கி, விதை பச்சையாக இருக்கும்போது அளவுக்கு மேல் நீரை உறிஞ்சிப் பருத்து, முற்றிக் காயும்போது அந்த நீரை இழந்து தோல் மடிந்துபோகிறது. செயல்படும் ஜீன் ஒன்றே ஒன்று இருந்தாலும் விதை உருண்டையாவதற்கு அது போதும்; ஆகவே உஉ, உசு ஆகிய இரண்டுமே உருண்டையாகத் தெரிகின்றன. சுசு மட்டுமே சுருங்குகிறது.

அடுத்த படி கேமீட்டுகளை, அதாவது இனச்செல்களை, எழுதுவது. இதைத் தாவிச் செல்பவர்களே பெரும்பாலும் விடையைத் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு செடியிலும் ஒரு பண்புக்கு இரண்டு அல்லீல்கள் இருந்தாலும், மகரந்தத்திலோ சூல்முட்டையிலோ அவற்றுள் ஒன்று மட்டுமே செல்லும். உஉ செடி ‘உ’ கேமீட்டுகளை மட்டும் தரும். சுசு செடி ‘சு’ கேமீட்டுகளை மட்டும் தரும். உசு செடி இரண்டையும் சரிபாதியாகத் தரும். ஒரு கேமீட்டில் இரண்டு எழுத்துகள் எழுதப்பட்டிருந்தால், அங்கேயே நிறுத்தித் திருத்திக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு பெற்றோரின் கேமீட்டுகளைக் கட்டத்தின் மேற்புறத்திலும் மற்றவருடையதை இடப்புறத்திலும் எழுதி, சந்திக்கும் இடங்களில் சேர்த்து நிரப்பினால் புன்னட் கட்டம் முடிந்துவிடும்.

தூய உருண்டையையும் தூய சுருங்கலையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் உசு, எல்லாம் உருண்டை. அந்த விதைகளை விதைத்து வளர்ந்த செடிகளைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால், கட்டத்தில் ஒரு பங்கு உஉ, இரண்டு பங்கு உசு, ஒரு பங்கு சுசு கிடைக்கும். ஜீனாக்க விகிதம் 1:2:1. புறத்தோற்ற விகிதம் 3:1. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விதையின் வடிவம் கருவுக்கு உரிய பண்பாதலால், முதல் தலைமுறைச் செடியில் தொங்கும் காய்களுக்குள் இருப்பவை இரண்டாம் தலைமுறை விதைகள். முற்றிய காயொன்றைப் பிளந்தால், வழவழப்பான உருண்டை மணிகளுக்கு இடையே தோல் குழிந்த மணியும் அதே காயில் ஒட்டியிருப்பதைக் காணலாம். செடியின் உயரத்தை அறிய அடுத்த விதைப்பு வரை காத்திருக்க வேண்டும். விதையின் வடிவத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

மெண்டல் 253 கலப்புச் செடிகளிலிருந்து 7,324 விதைகளைச் சேகரித்தார். அவற்றுள் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை, விகிதம் 2.96:1. ஆனால் தனித்தனிச் செடிகளைப் பார்த்தால் நிலைமை வேறு. ஒரு செடியில் 43 உருண்டையும் 2 சுருங்கியவையும் இருந்தன. மற்றொன்றில் 14 உருண்டையும் 15 சுருங்கியவையும் இருந்தன. இவ்விரண்டையும் அவரே தம் கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார். நான்கு விதைகள் கொண்ட ஒரு காயில் மிகச் சரியாக மூன்று உருண்டையும் ஒரு சுருங்கியதும் அமைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 42 விழுக்காடுதான். எனவே விடை எழுதும்போது ‘நான்கில் ஒன்று சுருங்கியிருக்கும்’ என்று எழுதாமல், ‘ஒவ்வொரு விதைக்கும் சுருங்குவதற்கான வாய்ப்பு 1/4’ என்று எழுதுவதே சரியானது.

இப்போது பலரையும் இடறச் செய்யும் கேள்விக்கு வருவோம். இரண்டாம் தலைமுறை விதைகளிலிருந்து கையில் எடுத்த ஒன்று உருண்டையாக இருக்கிறது; அது உசு ஆக இருப்பதற்கான வாய்ப்பு என்ன? கட்டத்தில் நான்கில் இரண்டு உசு என்பதால் 1/2 என்று சொல்லத் தோன்றும். ஆனால் விதை உருண்டை என்பது தெரிந்தவுடனேயே சுசு இருக்கும் அறையை அடித்துவிட வேண்டும். எஞ்சியவை மூன்று அறைகள். அவற்றுள் இரண்டு உசு. ஆகவே விடை 2/3. மெண்டல் இத்தகைய உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தபோது 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 செடிகள் இரு வகையையும் தந்தன. 3:1 என்பதற்குள் 1:2:1 மறைந்திருப்பதை உறுதி செய்த இந்த இரண்டாவது எண்ணிக்கைதான், என்னைப் பொறுத்தவரை, முதலாவதைவிடப் பெரிய சாதனை.

சந்ததியிலிருந்து பெற்றோரைக் கண்டறிய வேண்டுமானால், ஒடுங்கு பண்பு கொண்ட உயிரியிலிருந்தே தொடங்குங்கள். அதன் ஜீனாக்கத்தில் ஐயத்துக்கே இடமில்லை. சுருங்கிய விதை ஒன்று தோன்றியிருந்தாலே இரு பெற்றோரும் தலா ஒரு ‘சு’ கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். பெற்றோர் உருண்டையாக இருந்தால் அவர்கள் உசு ஆகத்தான் இருக்க முடியும். சந்ததி 1:1 ஆகப் பிரிந்தால் உசு × சுசு என்று எழுதலாம். ஓங்கு பண்பு கொண்ட செடியொன்று தூயதா கலப்பா என்று நேரடியாக அறியச் சோதனைக் கலப்பு இருக்கிறது: அதைச் சுசு செடியுடன் கலக்க வேண்டும். ஒரே ஒரு சுருங்கிய விதை வந்தாலும் அது கலப்பு என்பது உறுதி. கலப்புச் செடியொன்று ஏழு விதைகளையும் உருண்டையாகவே தந்து நம்மை ஏமாற்றுவதற்கான வாய்ப்பு 128-இல் 1 மட்டுமே. அதே செடியைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டுப் பத்து விதைகளைப் பார்த்தாலும் ஏமாறும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்.

ஓங்குதன்மை முழுமையாக இல்லாத பண்புகளில் வேலை இன்னும் எளிது. அந்திமந்தாரையில் சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தால் முதல் தலைமுறை இளஞ்சிவப்பாகும். இரண்டாம் தலைமுறையில் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை ஆகியவை 1:2:1 ஆக அமையும். நிறத்தைப் பார்த்தே ஜீனாக்கத்தை எழுதிவிடலாம்.

மனிதரிடத்தில் இந்தக் கணக்கு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே 1952-லேயே கண்டறியப்பட்ட சிக்கிள் செல் அல்லீலை (இரட்டையாகச் சேர்ந்தால் இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவாக்கும் நோயைத் தருவது) எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் அதை ஒற்றையாகச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலின்போதும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 1/4. முதல் குழந்தைக்கு நோய் இருப்பதால் அடுத்த மூவரும் தப்பிவிடுவார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். அது உண்மையன்று, ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. நோயுற்ற அக்குழந்தைக்கு நோயற்ற தங்கை இருந்தால், அவர் அந்த அல்லீலைச் சுமப்பவராக இருக்கும் வாய்ப்பு, உருண்டை விதைக்குச் சொன்ன அதே காரணத்தால், 2/3. அவர் மணக்கும் ஆணும் சுமப்பவர் என்று தெரிந்தால், அவர்களுடைய முதல் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 2/3 × 1/4, அதாவது 1/6. தங்கைக்கு இரத்தப் பரிசோதனை செய்த பிறகு 1/6 என்ற மதிப்பீட்டை விட்டுவிட வேண்டும்: அவர் சுமப்பவர் என்று தெரிந்தால் வாய்ப்பு 1/4, அந்த அல்லீல் அவரிடம் இல்லையென்றால், அவர் குழந்தைக்கு அது இரட்டையாகச் சேர வழியே இல்லை.