வெள்ளம் புகுந்த வீடு வாரிசுச் சொத்தாக வந்து சேரும்போது

உறவினர் ஒருவர் மறைந்து, அவருடைய வீடு நம் பொறுப்புக்கு வந்து, அந்த வீட்டுக்குள் வெள்ளமும் புகுந்திருந்தால், முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டை மேலும் கெடாமல் காப்பது ஒரு வேலை. அதைப் பழுதுபார்ப்பதா, விற்பதா, இடிப்பதா என்று முடிவெடுப்பது வேறொரு வேலை. முதல் வேலைக்குச் சில நாட்களே அவகாசம் உண்டு. நனைந்த மரத்திலும் துணியிலும் காகிதத்திலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். இரண்டாவது வேலையோ உயிலும் வாரிசுரிமையும் கடன்களும் தெளிவாகும்வரை, சில சமயம் மாதக்கணக்கில், காத்திருக்க வேண்டியது. துயரத்தில் இருக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கின்றன: வீட்டை என்ன செய்வது என்று கூடிக்கூடிப் பேசுகிறார்கள், உள்ளே ஈரம் அப்படியே கிடக்கிறது.

வீட்டுக்குள் கை வைக்கும் உரிமை யாருக்கு என்பதை முதல் நாளிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். உயில் இருந்தால், அதை நிறைவேற்றுவதற்காக நியமிக்கப்பட்டவருக்கே அந்தப் பொறுப்பு. உயில் இல்லாவிட்டால் வாரிசுகள் அனைவருக்கும் அதில் பங்கு இருக்கிறது. தண்ணீரை இறைப்பது, கதவைப் பூட்டுவது, கூரை ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் போடுவது போன்றவை பொதுவாகப் பாதுகாப்பு நடவடிக்கைகளாகவே கருதப்படும். ஆனால் பொருட்களை விற்பதும், அவற்றைப் பங்கிட்டுக்கொள்வதும், சுவரை இடிப்பதும் உரிமையாளர் செய்யும் காரியங்கள். சில நாடுகளின் சட்டப்படி அப்படி நடந்துகொள்வதே சொத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும், சொத்தோடு இறந்தவரின் கடனும் சேர்ந்து வரும். ஆகவே வீட்டின்மேல் அடமானம், வரிபாக்கி, வேறு கடன் எதுவும் இருக்கிறதா என்று தெரியும்வரை, திருப்பிச் சரிசெய்ய முடியாத எதையும் செய்யாதீர்கள். ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுவது இந்தக் கட்டத்தில் மிகவும் பயன் தரும். மற்ற வாரிசுகளுக்கு எழுத்துமூலம் தகவல் கொடுங்கள். செலவுக்கான ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பாதுகாப்புக்காகச் செய்த நியாயமான செலவை, பங்கு பிரிக்கும்முன் இறந்தவரின் சொத்திலிருந்து ஈடுசெய்துகொள்ள வழி இருக்கும்.

உள்ளே நுழையும்முன் வெளியே நின்று வீட்டை ஒரு சுற்றுப் பாருங்கள். அஸ்திவாரத்தின் அடியில் மண் அரித்துப்போயிருந்தால், சுவர் சாய்ந்திருந்தால், கூரை நடுவில் தொய்ந்திருந்தால், கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. மெயின் சுவிட்ச் தண்ணீரில் நிற்காமல் எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் அதை அணையுங்கள். இல்லாவிட்டால் மின்வாரியத்திடம் சொல்லி வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். எரிவாயு வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறிவிட வேண்டும். வெள்ளநீரில் சாக்கடையும் கலந்திருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி காலிலுள்ள சிறு கீறல் வழியாகக்கூட உடலுக்குள் புகும் என்பதால், முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸும் தடித்த கையுறையும் கட்டாயம். பூஞ்சை படர்ந்த அறைக்குள் என்95 முகக்கவசம் இல்லாமல் போகாதீர்கள். பாம்பும் தேளும் ஈரத்துணிக் குவியலுக்குள் ஒதுங்கியிருக்கும். எதையும் கையால் எடுக்கும்முன் நீளமான கோலால் புரட்டிப் பாருங்கள்.

எதையும் நகர்த்துவதற்கு முன் புகைப்படம் எடுங்கள். ஒவ்வொரு அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளவுநாடாவோடு சேர்த்தும், மின்சாதனங்களின் மாதிரி எண்கள் தெரியும்படியும் படமெடுக்க வேண்டும். காப்பீடு இருந்தால் உரிமையாளர் இறந்துவிட்டார் என்பதையும் வெள்ளம் புகுந்ததையும் உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடுகள் பல வெள்ளச் சேதத்தை விலக்கி வைத்திருக்கும். வீடு 30 நாளோ 60 நாளோ ஆளில்லாமல் கிடந்தால் பாதுகாப்பு குறைந்துவிடும் என்ற நிபந்தனையும் பல பத்திரங்களில் உண்டு. தனியாக வாழ்ந்து மறைந்தவரின் வீட்டில் இந்த நிபந்தனைதான் பெரும்பாலும் இடிக்கும். தூக்கி எறிய வேண்டிய தரைவிரிப்பிலும் மெத்தையிலும் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டால், மதிப்பீட்டாளர் பின்னர் கேட்கும்போது காட்டலாம்.

அடுத்து காகிதங்கள். என் அத்தையின் வீட்டைச் சுத்தம் செய்தபோது சேறு அப்பிய ஒரு மூட்டையைப் பழைய செய்தித்தாள் என்று நினைத்து வெளியே எறிந்துவிட்டோம். அவர் கட்டி முடித்த கடன் ஒன்றின் ரசீதுகள் அதற்குள் இருந்தன என்பது பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது, அதை மெய்ப்பிக்க நாங்கள் அலைந்த அலைச்சலை இன்னும் மறக்க முடியவில்லை. ஆகவே குப்பைக்குப் போகும் எதையும் ஒருவர் பிரித்துப் பார்த்த பிறகே போக விடுங்கள். நனைந்த பத்திரங்களை அங்கேயே பிரிக்க முயல வேண்டாம், கிழிந்துவிடும். ஓரிரு நாளுக்குள் உலர்த்த முடியாத அளவுக்கு இருந்தால், பிளாஸ்டிக் பைகளில் தட்டையாக வைத்து உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடலாம். உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது, மையும் மேலும் கசியாது, பின்னர் சிறிது சிறிதாக எடுத்து உலர்த்திக்கொள்ளலாம். புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் அவை பெரும்பாலும் தாமாகவே விலகும், பிறகு படம் மேலே தெரியும்படி நிழலில் பரப்பி உலர்த்துங்கள். இறந்தவரின் கணினியோ கைப்பேசியோ நனைந்திருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் மின்னேற்றக் கூடாது. தரவு மீட்பவரிடம் அப்படியே கொடுத்தால்தான் உள்ளிருப்பது தப்பும். நினைவுப் பொருட்களை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். காப்பாற்றிய அனைத்தையும் ஒரு பட்டியலில் எழுதி உலர்ந்த இடத்தில் ஒன்றாக வைப்பது மட்டும் போதும்.

தண்ணீரை வெளியேற்றுவதிலும் ஒரு நிதானம் வேண்டும். நிலவறையில் நீர் நிரம்பியிருந்தால் ஒரே நாளில் முழுவதையும் இறைத்துவிடாதீர்கள். வெளியே மண் இன்னும் ஊறிக் கனத்திருக்கும். உள்ளிருந்து தாங்கிய நீர் போய்விட்டால் அந்த மண்ணின் அழுத்தத்தில் சுவர் உள்நோக்கி இடிந்து விழக்கூடும். நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறைப்பது பாதுகாப்பான கணக்கு. டீசல் அல்லது பெட்ரோல் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ வைக்கவே கூடாது, சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது, வெள்ளத்தில் தப்பியவர்கள் அதனால் இறந்திருக்கிறார்கள். சேறு ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுத்துக் கழுவிவிட வேண்டும், காய்ந்துவிட்டால் இருமடங்கு வேலை. மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த நாற்காலி, அழுத்திச் செய்த மரத்தூள் பலகை ஆகியவை சாக்கடை கலந்த நீரில் ஊறியிருந்தால் மீளாது. திடமான மரச்சாமான் மீளும், ஆனால் அதை வெயிலில் போட்டால் வெடித்துவிடும். நிழலில், இழுப்பறைகளை வெளியே எடுத்துவிட்டு, மெதுவாக உலரவிடுங்கள். ஜிப்சம் பலகைச் சுவராக இருந்தால் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல் 30 செ.மீ. வரை வெட்டியெடுப்பது வழக்கம், ஏனென்றால் ஈரம் கோட்டுக்கு மேலும் ஏறியிருக்கும். இது இடிப்பு வேலை என்பதால் மற்ற வாரிசுகளின் எழுத்து ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு செய்யுங்கள். பழைய வீடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த பலகைகளும் ஈயம் கலந்த வண்ணமும் இருக்கக்கூடும்; சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்குக் கொடுக்காமல் உடைக்கவோ தேய்க்கவோ கூடாது.

கழுவும்போது முதலில் சோப்புநீர், பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின்மேல் ஊற்றிய ப்ளீச் வேலை செய்யாது. ஓடு, உலோகம், கண்ணாடி போன்ற கெட்டியான பரப்புகளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 60 மில்லி வீட்டுப் ப்ளீச் போதுமானது. அதை அம்மோனியாவோடும் கழிப்பறை ஆசிட்டோடும் ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். வீட்டில் கிணறு இருந்தால், குளோரின் இட்டுச் சுத்தம் செய்து ஆய்வகத்தில் சோதிக்கும்வரை அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தக் கூடாது. நீரில் மூழ்கிய சுவிட்சுகளையும் எம்சிபிகளையும் (மின்னோட்டம் மிகுந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் சாதனங்கள்) உலர்த்திப் பயன்படுத்த நினைக்க வேண்டாம், மாற்றுவதுதான் ஒரே வழி.

பொறுமை அதிகம் தேவைப்படுவது உலர்த்துவதில்தான். வெளிக்காற்று வறண்டிருந்தால் சன்னல்களைத் திறந்து மின்விசிறியை ஓட்டுங்கள். வெளியே புழுக்கமாக இருந்தால் சன்னல்களை அடைத்துவிட்டு ஈரப்பதம் நீக்கும் கருவியை ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் கருவி ஊரையே உலர்த்த முயலும். ஏற்கெனவே பூஞ்சை படர்ந்த சுவரின்மேல் விசிறியைத் திருப்பினால் அதன் வித்துகள் வீடு முழுவதும் பரவும் என்பதால், முதலில் பூஞ்சையை அகற்றிவிட வேண்டும். செங்கல் சுவர் நல்ல காற்றோட்டத்தில் மாதத்துக்கு ஏறத்தாழ 25 மி.மீ. கனம்தான் உலரும் என்பது கட்டடக்காரர்களின் கணக்கு. அதன்படி 230 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதம் வரைகூட ஆகலாம். சுவர் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். வண்ணம் பூசி ஈரத்தை உள்ளே அடைத்துவிட்டால் சில மாதங்களில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். ஈரப்பதமானியை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வாரம் ஒருமுறை அதே இடங்களில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் தங்கியிருந்தால் அது அழுகக்கூடும்.

சுவர் உலரும் இந்த மாதங்களில் வாரிசுரிமைக் காகிதங்களும் நகர்ந்துகொண்டிருக்கும். முடிவெடுக்கும் பேச்சுக்கு இதுவே பொருத்தமான காலம். பொறியாளரின் அறிக்கை ஒன்றும், பழுதுபார்ப்புக்கு வெவ்வேறு ஒப்பந்தக்காரர்களின் எழுத்து மதிப்பீடுகள் இரண்டு மூன்றும், இன்றைய நிலையில் வீட்டுக்கு என்ன விலை கிடைக்கும் என்ற மதிப்பும் கையில் இருந்தால், பழுதுபார்ப்புச் செலவு வீட்டின் மதிப்பைக் கூட்டுமா என்பதை எல்லோரும் ஒரே கணக்கை வைத்துப் பேச முடியும். வெள்ளம் வடிந்த சில நாட்களில் வாசலுக்கே வந்து, குறைந்த விலைக்கு உடனே ரொக்கம் தருவதாகச் சொல்பவரிடமும், முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கும் ஒப்பந்தக்காரரிடமும் கையெழுத்துப் போடாதீர்கள். விற்பதென்றால் வெள்ளம் புகுந்ததை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வைத்துக்கொள்வதென்றால், அன்று எடுத்த புகைப்படங்களில் அளவுநாடா காட்டும் உயரத்தைப் பார்த்து, புதிய மின்பலகையையும் சுவிட்சுகளையும் அந்தக் கோட்டுக்கு மேலே பொருத்தச் சொல்லுங்கள்.