பழைய ஸ்னேரின் கரகரப்பு போன விதம்

என்னிடம் ஒரு பழைய பித்தளை ஸ்னேர் இருக்கிறது, அதாவது அடித்தோலை ஒட்டிக் கம்பிச் சரம் கட்டிய டிரம். அதில் மெதுவாகத் தட்டினால் கம்பி பேசாது. ஓங்கி அடித்தால் கரகரவென்று இழுக்கும். கழற்றிப் பார்த்தால், மேல்பக்கத்துக்கான தடித்த தோலை யாரோ அடியில் போட்டிருந்தார்கள். அடிப்பக்கத்துக்கான 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) தடிமனுள்ள மெல்லிய ஸ்னேர் தோல் மாற்றியதும் பாதி சரியானது. மிச்சக் கோளாறு கம்பிச் சரத்தில். கோணலாக உட்கார்ந்திருந்த அதை, விளிம்பில் அதற்கென்றே இருக்கும் மெல்லிய பள்ளங்களுக்கு நேராக வைத்து, தடித்த கயிற்றுக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டினேன். அடித்தோலை மேல்தோலைவிட உயர்ந்த சுருதிக்கு, எதிரெதிர் திருகாகக் கால் கால் சுற்று ஏற்றினேன். பள்ளத்தருகே தோல் சுருங்கும். அங்குள்ள திருகுகளுக்கு மட்டும் கூடுதல் முறுக்கு. இப்போது விரலால் தட்டினாலே கம்பி பேசுகிறது. பித்தளையின் கணகணப்பு அப்படியே இருக்கிறது. அதை டேப் ஒட்டி அமுக்க எனக்கு மனசில்லை.