நாலெழுத்து குறைவு, ஐந்தெழுத்து கூடுதல்: ஹைப்போவைப் பிரித்துப் படிப்பது எப்படி?

நான் ஏ.எல். பயோ படித்துக்கொண்டிருந்த காலம். அப்பாவின் கிளினிக் புத்தகத்தில் டொக்டர் நீளமாக ஒரு சொல் எழுதியிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்தில் இங்கிலிஷ் வாசிக்கத் தெரிந்த ஆள் என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தத் தைரியத்தில் முதல் எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டு, "சீனி கூடியிருக்காம்மா" என்று சொல்லிவிட்டேன். அன்று ராத்திரியிலிருந்து அப்பாவுக்குச் சோறு பாதி. சாயத்தண்ணிக்குச் சீனி கிடையாது. மாத்திரை மட்டும் வழக்கம்போல. மூன்றாம் நாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்றவருக்குக் கை நடுங்கி, சட்டை நனைய வேர்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து லயத்து மாமா ஓடிப்போய்ச் சாயத்தண்ணியும் உள்ளங்கை நிறையச் சீனியும் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் அப்பா எழுந்து, "எதுக்கு இத்தனை பேர் கூடி நிக்கிறீங்க?" என்று கேட்டாராம்.

புத்தகத்தில் இருந்தது ஹைப்போகிளைசீமியா. நான் வாசித்தது ஹைப்பர்கிளைசீமியா.

இந்தப் பதிவு அந்த ஒரு முன்னொட்டுக்காகத்தான். கையில் ஒரு கொப்பியும் வீட்டில் யாருடையதாவது கிளினிக் புத்தகமும் இருந்தால் போதும்.

முதல் வேலை: எழுத்தை எண்ணுங்கள்

ஹைப்போவும் ஹைப்பரும் கிரேக்கச் சொற்கள். ஹைப்போ என்றால் கீழே, ஹைப்பர் என்றால் மேலே. இரண்டும் எச், வை, பி என்றே தொடங்குவதால் கண் ஏமாறும். காது அதைவிட ஏமாறும். ஆகவே நான்காவது எழுத்தில் நில்லுங்கள். அங்கே ஓ இருந்து முன்னொட்டு நாலெழுத்தில் முடிந்தால் குறைவு. ஈ, ஆர் என்று நீண்டு ஐந்தெழுத்தானால் கூடுதல். நாலு குறைவு, அஞ்சு கூடுதல். என் டியூஷன் பிள்ளைகள் இதைப் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு போவார்கள்.

நம் பாடநூல்களில் ஹ என்ற எழுத்தைத் தேடாதீர்கள். ஹைட்ரஜனே நமக்கு ஐதரசன்தானே? அதே கணக்கில் ஹைப்போவும் ஐப்போ என்று வரும்.

இரண்டாவது வேலை: வாலிலிருந்து வெட்டுங்கள்

நீளமான சொல்லை முன்னாலிருந்து வாசித்தால் மூச்சு வாங்கும். வாலைப் பிடியுங்கள். ஹைப்போகிளைசீமியாவின் வால் 'ஈமியா': கிரேக்கத்தில் ஹைமா, அதாவது இரத்தம், அதிலிருந்து வந்தது. வெட்டி வையுங்கள். நடுவில் மிஞ்சுவது 'கிளைக்': இனிப்பு. தலையில் ஹைப்போ. இப்போது பின்னாலிருந்து சேருங்கள்: இரத்தத்தில், இனிப்பு, குறைவு. சீனி வருத்தக்காரருக்கு டெசிலீட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் இந்தச் சொல்லை எழுதுவார்கள்.

வாலையும் தலையையும் அப்படியே வைத்துவிட்டு நடுத்துண்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். 'கேல்' வந்தால் பொற்றாசியம். அதன் லத்தீன் பெயர் காலியம், இரசாயனப் பாடத்தில் அதற்குக் கே என்று குறியீடு போடுவதும் அதனால்தான். ஹைப்போகேலீமியா: இரத்தத்தில் பொற்றாசியம் குறைவு. 'நேட்ர்' வந்தால் சோடியம், நேட்ரியத்திலிருந்து. ஹைப்போநேட்ரீமியா என்ன என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஒரு வெட்டைப் பழகினால் லேப் ரிப்போட்டில் பாதி திறந்துவிடும்.

எழுத்துக்கூட்டும்போது ஒரு சின்ன இடைஞ்சல் உண்டு. இலங்கையில் பிரித்தானிய வழக்கம்: 'ஈமியா'வில் ஏ, ஈ இரண்டு எழுத்தும் வரும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் பக்கங்களில் அந்த ஏ விழுந்துவிடும். வேறு நோய் என்று பயப்பட வேண்டாம்.

மூன்றாவது வேலை: எதற்குக் கீழே என்று கேளுங்கள்

ஆரம்பக்காரர்கள் அதிகமாகச் சறுக்குவது இந்த இடத்தில். ஹைப்போ என்றதும் 'குறைவு' என்று மனப்பாடம் செய்தவர்கள் ஹைப்போடேர்மிக் ஊசியைப் பார்த்தால், தோல் குறைந்த ஊசியா என்று விழிப்பார்கள். கீழே என்பதில் இரண்டு வகை. ஒன்று அளவில் கீழே, மற்றது இடத்தில் கீழே.

அளவில் கீழே என்பதற்கு இன்னும் ஒரு சொல் போதும். தேர்ம் என்றால் வெப்பம். உடம்பின் உள்வெப்பம் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் ஹைப்போதேர்மியா. ஜனவரியில் நுவரெலியாவில் புல் மேல் உறைபனி கிடக்கும் விடியற்காலையில் இந்தச் சொல்லை விளக்கவே தேவையில்லை.

இடத்தில் கீழே என்பது இன்னும் சுவையானது. டேர்மா தோல், ஹைப்போடேர்மிக் என்றால் தோலுக்குக் கீழே. இன்சுலினை வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போடுவது அந்தக் கொழுப்புப் படைக்குத்தான். அதே இடத்தைக் கிளினிக் புத்தகத்தில் எஸ், சி என்று சுருக்கி எழுதுவார்கள்: சப்கியூட்டேனியஸ். சப் லத்தீன், ஹைப்போ கிரேக்கம், இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கிரேக்கத்தில் ஹ இருக்கும் இடத்தில் லத்தீனில் ஸ நிற்கும். ஹைப்பருக்கு லத்தீனில் சூப்பர். கடைத்தெருவில் நாள்முழுக்கச் சொல்கிற சூப்பர்தான்.

மூளைக்குள் தலமஸுக்குக் கீழே இருப்பது ஹைப்போதலமஸ். நம் உயிரியல் நூல் இதற்குப் 'பரிவகக்கீழ்' என்று பேர் வைத்திருக்கிறது. பரிவகம் தலமஸ், கீழ் ஹைப்போ. தமிழ்ப்படுத்தியவர் முன்னொட்டைக் கொண்டுபோய்ப் பின்னால் ஒட்டிவிட்டார். தமிழுக்கு அதுதான் சரி.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையா? வெலிமடைப் பக்கத்துப் போஞ்சி விதை நாலை ஒரு ராத்திரி ஊறப்போட்டு, ஈரப் பஞ்சோடு ஜாம் போத்தலில் வையுங்கள். சில நாளில் வேர் கீழே இறங்கும். பிறகு வெளிறிய தண்டு ஒன்று கொக்கி போல வளைந்து எழும்பி, விதையின் இரண்டு பருப்பையும் முதுகில் சுமந்துகொண்டு நிமிரும். அந்தப் பருப்புகள்தான் வித்திலைகள். அவற்றுக்குக் கீழே நீண்ட அந்தத் தண்டு ஹைப்போகொட்டில். பக்கத்திலேயே கடலையையும் (கொண்டைக்கடலை) முளைக்க வையுங்கள். அதில் அந்தத் தண்டு நீளாது. பருப்பு போட்ட இடத்திலேயே கிடக்க, குருத்து மட்டும் மேலே வரும். மண்ணில் நட்டால் பருப்பு மண்ணுக்குக் கீழேயே தங்கிவிடும். இந்த முளைப்புக்கு ஹைப்போஜீல் என்று பேர்: ஜீ என்றால் மண்.

கணிதக்காரருக்கும் ஒன்று. செங்கோண முக்கோணத்தின் மிக நீளமான பக்கமான செம்பக்கத்தை இங்கிலிஷில் ஹைப்பொட்டெனியூஸ் என்பார்கள். கீழே இழுத்துக் கட்டியது என்று பொருள். எதற்குக் கீழே? செங்கோணத்துக்கு. நாம் செங்கோணத்தை மூலையில் வைத்து வரைவதால் அது தெரியாது. கொப்பியைத் திருப்பிச் செங்கோணத்தை உச்சிக்குக் கொண்டுவாருங்கள், தெரியும்.

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் குளோரின் தூள் போடுகிறார்களே, அதில் கல்சியம் ஹைப்போகுளோரைற்று இருக்கிறது. குளோரேற்றில் ஒட்சிசன் மூன்று, குளோரைற்றில் இரண்டு, ஹைப்போகுளோரைற்றில் ஒன்றே ஒன்று. இதுவும் அளவில் கீழே என்ற வகைதான்.

நான்காவது வேலை: ஆள்மாறாட்டத்தைப் பிடியுங்கள்

ஹிப்போ வேறு. அங்கே இரண்டாவது எழுத்து ஐ, பொருள் குதிரை. ஹிப்போபொட்டேமஸ் ஆற்றுக் குதிரை. மூளையின் ஹிப்போகேம்பஸ் கடற்குதிரை வடிவம் என்பதால் வந்த பேர். ஹிப்னோசிஸ் வேறு, ஹிப்னோஸ் உறக்கம். தேயிலைக் கொழுந்தைக் கொப்புளம் கொப்புளமாக்கும் நோய் 1946இல் இலங்கைக்கு வந்தது. அதை உண்டாக்கும் பங்கசின், அதாவது பூஞ்சையின், இழைக்கு ஹைஃபா என்று பேர். அதுவும் நம் ஆள் இல்லை, வலை என்ற பொருளில் வந்தது. ஆனால் இரண்டு சொல்லுக்கு நடுவில் போடுகிற சின்னக் கோடு, ஹைஃபன், ஹைப்போவின் சொந்தப் பிள்ளை: 'ஹைப்போ'வும் ஒன்று என்று பொருள்படும் 'ஹென்'னும் சேர்ந்தது, ஒன்றின் கீழ் என்ற பொருளில். பின்னால் உயிரெழுத்து வந்தால் ஹைப்போ தன் ஓவை இழந்துவிடும் என்பதற்கும் அதுவே சாட்சி. உடம்பின் இழையங்களுக்கு ஒட்சிசன் போதாமையைச் சொல்லும் ஹைப்பொக்சியாவிலும் இரண்டு ஓ இல்லாதது அதனால்தான்.

கடைசி வேலை: வாயால் சொல்லும்போது

இவ்வளவும் வாசிக்கத்தான். அவசரத்தில், அதுவும் சிக்னல் விட்டுவிட்டு வரும் போனில், ஹைப்போ ஹைப்பர் என்று சொல்லவே சொல்லாதீர்கள். "சீனி இறங்கிருச்சு" அல்லது "சீனி ஏறிருச்சு" என்று சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் சிங்களம் பேசுபவரானால் இறங்கியதற்கு "சீனி அடுய்", ஏறியதற்கு "சீனி வெடிய்". சீனி இரண்டு பாஷையிலும் சீனிதான். இறங்கியவருக்கு நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் உடனே 15 கிராம் அளவு சீனி, 15 நிமிடம் கழித்து மறுபடி ஒரு டெஸ்ட். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

அப்பாவின் கிளினிக் புத்தகத்து உள்ளட்டையில் சிவப்புப் பேனாவால் "4 எழுத்து = சீனி கொடு" என்று எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இங்கிலிஷ் எழுத்துத் தெரியாது. எண்ணத் தெரியும்.