கொலுசுப் பட்டறைக்கு ஆபீஸ் மென்பொருள்: வாங்கும் முன் செலவுக் கணக்கு போடுவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். டிசைன் போட்டோ, எடைச் சீட்டு, ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் ஓடும். ஒரு வியாபாரி "போன தடவை எடுத்த அதே மாடல், 80 கிராம்" என்று அனுப்பினார். அந்த மாடலைத் தேடிப் பிடிக்கவே அரை நாள் போனது. முதலாளி பொறுமை இழந்து, "மெயில், சாட், பொது ஃபோல்டர் எல்லாம் ஒன்றாக வருமாமே, வாங்கிப் போடுப்பா" என்றார்.

நான் மாத விலையை 22 பேரால் பெருக்கி, ஒரு வருடத்துக்கு வாங்கிவிட்டேன். 13 பேர் ஒருநாள்கூட உள்ளே போகவில்லை. வருடத் திட்டத்தில் நடுவில் ஆளைச் சேர்க்கலாம், குறைக்க முடியாது. அடுத்த வருடம் கணக்கை இப்படிப் போட்டேன்.

படி 1: யாருக்கு லாகின் கணக்கு வேண்டும்?

ஒவ்வொரு பெயருக்கும் நேரே "இவர் ஏதாவது எழுதி அனுப்புவாரா?" என்று கேளுங்கள். கம்பி இழுப்பவரும் மெருகு போடுபவரும் டிசைனைப் பார்த்தால் போதும். ஒரு லிங்க் அனுப்பிவிடலாம். எங்களுக்கு 22 என்பது 9 ஆனது. ஆர்டருக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று தனி மெயில் முகவரி கேட்பார்கள். அதற்கும் கணக்கு வாங்காதீர்கள். மெயில், சாட், ஃபோல்டர் சேர்ந்து வரும் கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஏலியாஸ் எனும் மாற்று முகவரிக்குக் கூடுதல் கட்டணம் இல்லை.

படி 2: இலவசம் எங்கே முட்டும்?

ஜூம் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தோடு சரி. தனிநபர் கூகுள் கணக்கில் இடம் 15 ஜிபி. ஸ்லாக் எனும் ஆபீஸ் சாட் செயலியின் இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் செய்திகள்தான் தெரியும். தீபாவளி மாடலை அடுத்த தீபாவளிக்குத் திரும்பக் கேட்கும் தொழிலுக்கு 90 நாள் எந்த மூலைக்கு?

படி 3: சந்தா

உதாரணத்துக்கு ஆளுக்கு மாதம் 200 ரூபாய் என்று வைப்போம். நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 9 × 200 × 12 = 21,600 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம், 3,888 ரூபாய். வழக்கமான ஜிஎஸ்டி பதிவு இருந்தால் இதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் எடுக்க முடியாது, அதுவும் செலவுதான். மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் சொந்த டொமைன் பெயருக்கு வருடம் 1,000 தனியாக எழுதுங்கள்.

படி 4: சேதாரம்

பலர் விடுவது இதைத்தான். வெள்ளியில் சேதாரத்தை மில்லிகிராம் வரை பார்ப்போம். ஆள் நேரம் போவதை மட்டும் எழுத மாட்டோம்.

ஒரு மணி நேரக் கூலி சராசரி 90 ரூபாய் என்று எடுத்தேன். கற்றுக்கொள்ள ஆளுக்கு 8 மணி நேரம்: 9 × 8 × 90 = 6,480. பழைய போட்டோக்களை மாடல் வாரியாக ஃபோல்டரில் அடுக்க ஓர் ஆளுக்கு இரண்டு நாள், 16 மணி நேரம்: 1,440. அப்புறம் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. முதல் மாதம் எல்லாரும் வாட்ஸ்அப்பிலும் போடுவார்கள், புதியதிலும் போடுவார்கள். தினம் அரை மணி, 24 நாள், 9 பேர் என்றால் 108 மணி நேரம், 9,720 ரூபாய். மாறும் மாதத்தைப் பண்டிகை சீசனில் வைத்துவிடாதீர்கள், இது இரட்டிப்பாகும்.

வரி நீங்கலாக முதல் வருடம் மொத்தம் 40,240. அதில் சந்தா பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். முதலாளியிடம் 21,600 என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்.

படி 5: வெளியே வரும் வழி

பணம் கட்டும் முன்பே, மெயிலையும் ஃபோல்டரையும் மொத்தமாக டவுன்லோட் செய்ய முடிகிறதா என்று சோதனைக் கணக்கில் ஒருமுறை செய்து பாருங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால், கடையில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில் "ஆள் குறைக்கணுமா?" என்று எழுதி வையுங்கள். எங்கள் காலண்டரில் அது சிவப்பு மையில் இருக்கிறது.