வகுப்பறையில் இணைய வளங்களைப் பயன்படுத்தத் தொடங்குதல்: ஒரு மின்சுற்றுப் பாடத்தின் வழியே

கணினியையோ திறன்பேசியையோ முதன்முறையாக வகுப்பறைக்குள் கொண்டுவர நினைக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் "எந்தச் செயலி நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, "என் பாடத்தில் மாணவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்?" என்று தொடங்குவதே சரி என்பது என் கருத்து. இங்கே மின்சுற்று என்ற ஒரே பாடத்தை எடுத்துக்கொண்டு, ஆயத்தம் முதல் வகுப்பு முடியும்வரை செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். உங்கள் பாடம் வேறாக இருந்தாலும் இதே வரிசையில் செய்யலாம்.

முதல் படி: தடுமாறும் இடத்தைக் கண்டறிதல்

தொடரிணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மாதிரியான இரண்டு மின்விளக்குகள் இருந்தால், பேட்டரியிலிருந்து முதலில் வரும் விளக்குதான் கூடுதலாக ஒளிரும் என்று மாணவர்கள் பலர் நம்புகிறார்கள். மின்னோட்டத்தில் ஒரு பங்கு முதல் விளக்கிலேயே செலவாகிவிடுகிறது, மிச்சம்தான் அடுத்ததற்குப் போகிறது என்பது அவர்களுடைய கணக்கு. "தொடரிணைப்பில் மின்னோட்டம் எங்கும் சமம்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் தேர்வில் அதை அப்படியே எழுதுவார்கள். ஆனால் உள்ளே இருக்கும் நம்பிக்கை அசையாது. கம்பிக்குள் ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடியாததும் இதற்கு ஒரு காரணம்.

கண்ணுக்குத் தெரியாதது, நொடிக்குள் நடந்து முடிவது, நேரில் செய்தால் ஆபத்தானது, ஒரே வகுப்பில் பலமுறை மாற்றிமாற்றிச் செய்துபார்க்க வேண்டியது ஆகியவையே டிஜிட்டல் கருவிக்கு உரிய இடங்கள். அவரை விதை முளைப்பதை ஈரப் பஞ்சில் நேரிலேயே காட்ட முடியும்போது அதற்கு ஒரு காணொளி தேவையில்லை.

இரண்டாம் படி: வளத்தைத் தேடுதல்

நம் தேவைக்கு ஃபெட் என்ற தளம் பொருந்துகிறது. இயற்பியலுக்கான நோபல் பரிசை 2001இல் பெற்றவர்களுள் ஒருவரான கார்ல் வீமன், கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2002இல் இதைத் தொடங்கினார். அறிவியலுக்கும் கணிதத்துக்குமான சிமுலேஷன்கள் (ஒரு சோதனையைத் திரையிலேயே இயக்கிப் பார்க்க உதவும் மாதிரிகள்) இதில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் உட்படப் பல மொழிகளில் அவற்றுக்கு மொழிபெயர்ப்புகள் உள்ளன. வடிவியலுக்கும் வரைபடங்களுக்கும் ஜியோஜீப்ரா, படங்களுக்கு விக்கிமீடியா பொதுவகம் என மற்றப் பாடங்களுக்கும் இடங்கள் உண்டு.

தேடுபொறியில் முதலில் தென்படும் படத்தை எடுத்துப் பாடத்தாளில் ஒட்டிவிடக் கூடாது. படைப்பின் உரிமத்தைப் பார்க்க வேண்டும். சில நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் பெற்ற ஆக்கமாக இருந்தால், படைத்தவரின் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் சில உரிமங்கள் வணிகப் பயன்பாட்டையும், வேறு சில மாற்றம் செய்து வெளியிடுவதையும் தடுக்கின்றன. பிறர் உழைப்புக்குப் பெயர் சொல்லும் பழக்கத்தை மாணவர்கள் நம்மைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

மூன்றாம் படி: ஒத்திகை

மின்சுற்று சிமுலேஷனை முதல் நாளே உங்கள் கணினியில் தரவிறக்கி, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் வகுப்பறை இணையத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. பிறகு பாடத்தில் செய்யப்போகும் எல்லாவற்றையும் ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள்.

இந்த ஒத்திகையைத் தவிர்த்த ஒரு வகுப்பில் எனக்கு அரை மணி நேரம் வீணாயிற்று. பாடநூல் மின்னோட்டத்தின் திசையைப் பேட்டரியின் நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குச் செல்வதாக அம்புக்குறியிட்டுக் காட்டுகிறது; சிமுலேஷனோ தொடக்கத்தில் எலக்ட்ரான்கள் அதற்கு எதிர்த்திசையில் நகர்வதைக் காட்டுகிறது. இரண்டும் சரிதான் என்றாலும், புதிதாகக் கற்கும் மாணவர் "புத்தகம் தவறா?" என்று கேட்டு அங்கேயே நின்றுவிடுவார். பாடநூல் காட்டும் திசையிலான மின்னோட்டத்தை (மரபு மின்னோட்டம்) காட்டும் தெரிவு அதே திரையில் இருக்கிறது. அன்றைய பாடம் எதைப் பற்றியது என்பதை முடிவுசெய்து அதற்கேற்ப முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

நான்காம் படி: வகுப்பில் நடத்துதல்

திரையை ஒளிரவிடும் முன்பு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: "இந்த இரண்டு விளக்குகளில் எது கூடுதலாக ஒளிரும்? ஏன்?" ஒவ்வொரு மாணவரும் விடையையும் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதி முடிக்கும்வரை எதையும் காட்டாதீர்கள். எழுதிவைத்த கணிப்பு கையில் இருக்கும்போதுதான், திரையில் தெரிவது தாம் நினைத்ததிலிருந்து எங்கே மாறுபடுகிறது என்பது மாணவருக்கு உறைக்கும். கணிப்பு இல்லாமல் பார்த்தால், "ஆமாம், எனக்கு முன்பே தெரியும்" என்று மனம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும்.

இனி பேட்டரியை 9 வோல்ட்டுக்கும் ஒவ்வொரு விளக்கின் மின்தடையை 10 ஓமுக்கும் அமையுங்கள். ஒரே விளக்கு இருக்கும்போது மின்னோட்டம் 0.9 ஆம்பியர். இரண்டாவது விளக்கைத் தொடரில் சேர்த்ததும் அது 0.45 ஆம்பியராகக் குறைந்து, இரு விளக்குகளும் ஒரே அளவில் மங்கலாக ஒளிரும். முதல் விளக்குக்கு முன்னும், இரண்டுக்கும் இடையிலும், இரண்டாவதுக்குப் பின்னும், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை ஒரு மாணவரைக் கொண்டே வைக்கச் சொல்லுங்கள். மூன்று இடங்களிலும் 0.45 என்ற அதே எண் தெரியும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அதை அடக்க வேண்டாம். "செலவாகியிருந்தால் கடைசியில் எண் குறைந்திருக்க வேண்டுமே, ஏன் குறையவில்லை?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இதன்பின் ஐந்து நிமிடம் மாணவர்கள் விரும்பியபடி சுற்றுகளை அமைக்கட்டும். விளக்கு எதுவும் இல்லாமல் பேட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் நேரே இணைத்துக் குறுக்குச்சுற்று ஏற்படுத்தித் திரையில் தீப்பிழம்பு வரவைப்பார்கள். நேரில் செய்யக் கூடாத ஒன்றை ஆபத்தில்லாமல் புரிந்துகொள்ள அதுவும் ஒரு வழியே. ஒரே ஒரு கணினிதான் உள்ளது என்றால் குழுவுக்கு ஒருவராக முன்னே வந்து இயக்கலாம்.

ஐந்தாம் படி: புரிந்ததைச் சோதித்தல்

இங்கே ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வளர்த்தெடுத்த முறை உதவும். நான்கு விடைகள் கொண்ட ஒரு கருத்துக் கேள்வியைக் கேட்டு, ஒவ்வொருவரும் தனியாக விடை தேர்ந்த பிறகு, ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருப்பவருடன் விவாதித்து மீண்டும் விடை சொல்ல வைப்பது அதன் சாரம். அதைவிடக் குறைவாக இருந்தால் கருத்தை மறுபடி விளக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் சுருக்கமாக விளக்கி அடுத்ததற்குப் போகலாம். மாணவர் கையில் கருவி இல்லையென்றால் பிளிக்கர்ஸ் செயலி கைகொடுக்கும்: மாணவர்கள் அச்சிட்ட அட்டையைத் திருப்பிப் பிடிக்க, ஆசிரியரின் திறன்பேசி விடைகளைப் படித்துக்கொள்ளும். செயலியில் மாணவரின் முழுப்பெயருக்குப் பதில் வரிசை எண்ணை இடுங்கள். பிள்ளைகளின் விவரங்களைத் தேவைக்குமேல் எந்தத் தளத்துக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி இதுவாக இருக்கட்டும்: "அதே இரு விளக்குகளைப் பக்க இணைப்பில், அதாவது ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாதையில் பேட்டரியோடு, இணைத்தால், பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் எவ்வளவு?" விளக்குக்கு 0.9 வீதம் மொத்தம் 1.8 ஆம்பியர் என்ற விடைக்கு விவாதித்தே வந்து சேர்வார்கள். அதன்பிறகு திரையை அணைத்துவிட்டு, மேசைமேல் உண்மையான பேட்டரியையும் இரண்டு டார்ச் பல்புகளையும் வையுங்கள். பல்புகள் ஒரே வோல்ட் அளவும் ஒரே ஆம்பியர் அளவும் கொண்டவைதானா என்பதை முன்பே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அவை வெவ்வேறு அளவில் ஒளிர்ந்து, பழைய நம்பிக்கைக்கே சான்றாகிவிடும்.